முந்தானை நூல்

முதல்வர் அவர்களே, நீங்கள் பொய் சொன்னீர்கள்.

போன மாதம் நம் கல்லூரிக் கலையரங்கில், மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் நின்று, மைக்கைப் பிடித்துச் சொன்னீர்கள்: "மேடம் தம்முடைய சொந்தக் காரணங்களுக்காகத் தாமாகவே பணியிலிருந்து விலகினார்." முன்வரிசையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். மறுத்துப் பேச நான் எழுந்து நின்றேன். மௌன அஞ்சலிக்காக எழுந்தேன் என்று நினைத்து எல்லாரும் எழுந்துவிட்டார்கள். மௌனம் முடிந்தது. கூட்டமும் முடிந்தது.

அன்று சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். நான் அதே கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவள். இதைப் படித்த பிறகு என்னை என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். செய்யுங்கள்.

மேடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. பயந்து இல்லை. வகுப்பில் ஓர் ஆய்வுக் கட்டுரையைக் கொடுக்கும் முன், எழுதியவர் பெயர், அவருடைய பல்கலைக்கழகத்தின் பெயர், கட்டுரையின் தலைப்பு எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தாள் பட்டையை ஒட்டித்தான் நகல் எடுப்பார். "பேரப் பாத்தா பயந்துடுவீங்க. பயந்தவன் படிக்க மாட்டான், கும்புடுவான்" என்பார். அவர் பெயரின் மேலும் நான் பட்டை ஒட்டுகிறேன். மற்றதைப் படியுங்கள்.

ஆள் குள்ளம். குரல் பெரிது. பட்டு நெய்கிற ஊரில் பிறந்தும், அவர் பட்டு உடுத்தி நான் பார்த்ததில்லை. கைப்பையில் கத்தரிக்கோல், பசைக் குச்சி, பட்டை பட்டையாக வெட்டிய தாள். இவை இல்லாமல் வரமாட்டார். ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் காலனியில் வளர்ந்தவர். அப்பா கூட்ஸ் வண்டியில் மூட்டை இறக்கியவர். இதையெல்லாம் அவர் மறைக்கவும் இல்லை, மேடை போட்டுச் சொல்லவும் இல்லை.

ஆங்கிலத் துறையில்தான் இருந்தார். ஆனால் அந்தத் துறையில் யாரும் அவரைத் தங்கள் ஆளாக நினைக்கவில்லை. அவர் கதை நடத்தவில்லை, நாடகம் நடத்தவில்லை. அறிவியல் படிக்கிற பிள்ளைகளுக்கு, அவர்களுடைய பாடத்தை ஆங்கிலத்தில் எப்படி வாசித்துப் புரிந்துகொள்வது என்று சொல்லித் தருவது மட்டும்தான் வேலை. அப்படி ஒரு வேலை இருப்பதே பலருக்குத் தெரியாது. உத்திரமேரூர், வாலாஜாபாத், வந்தவாசிப் பக்கத்திலிருந்து பன்னிரண்டாவது வரை தமிழில் படித்துவிட்டு வரும் பிள்ளைகள், முதலாமாண்டில் எல்லாமே ஆங்கிலமாகிப் போனதும் என்ன செய்வார்கள்? மனப்பாடம் செய்வார்கள். நாங்களும் அதைத்தான் செய்யச் சொல்வோம். இந்த ஒரு பெண்மணிதான் செய்யாதே என்றார்.

மாணவர்களுக்கே இது பிடிக்கவில்லை. ஆங்கிலம் பேசச் சொல்லிக் கொடுங்கள் என்று சண்டை போட்டார்கள்.

"இன்னா மேடம், நாங்க இன்டர்வியூல பேச வாணாவா?"

"பேசு. பேசக் கத்துக்குடுக்க ஊருல தெருவுக்கு ஒரு சென்டர் இருக்குது. உன் புத்தகம் உங்கிட்ட பேசிக்கினே இருக்குது, அதக் கேக்கத்தான் ஆள் இல்ல."

ஆசிரியர் அறையில் ஒருமுறை ஆங்கிலத் துறைக்காரர் ஒருவர் எல்லார் முன்னாலும் சொன்னார். "நம்ம மேடம் ஒரு நாள் கூட குட்மார்னிங் சொல்லி நான் கேட்டதில்ல. இங்கிலீஷ் டிபார்ட்மெண்டாம்."

மேடம் தலை நிமிராமல் பதில் சொன்னார். "உங்களுக்குப் பொழுது நல்லாத்தான் விடிஞ்சிருக்குது சார். நான் வேற சொல்லணுமா?"

அவரிடம் இருந்தது ஒரே ஒரு கேள்வி. "எங்க எடுத்தது?" எதைச் சொன்னாலும் அதைத்தான் கேட்பார். ஓர் எண்ணைச் சொன்னால், அது எங்கே அளந்து எடுத்தது. ஒரு செய்தியைச் சொன்னால், அது யாரிடம் எடுத்தது. மதியம் சாப்பிடும்போது யாராவது வம்பு பேசினால் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பார்.

"நீ பாத்தியாமா?"

"இல்ல மேடம், சொன்னாங்க."

"சொன்னவங்க பாத்தாங்களா?"

"அவங்களுக்கும் யாரோ…"

"அப்போ சாப்புடு. ரசம் ஆறுது."

எரிச்சலாக இருக்கும். எனக்கே இருந்தது. என் அம்மாவுக்குச் சர்க்கரை சரியாகிவிட்டது என்று ஒரு நாள் சந்தோஷமாகச் சொன்னேன். "வெறும் வயித்துல எடுத்தாங்களா, சாப்புட்டா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "நல்ல சேதி சொன்னா நல்லதுன்னு சொல்லிட்டுப் போங்களேன் மேடம்" என்று கத்திவிட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "நல்லதா இருக்கணும்னுதாம்மா கேட்டேன்" என்றார். அவ்வளவுதான். அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க அவருக்குத் தெரியாது.

அவருடைய வகுப்பு பாதி நாள் என் ஆய்வகத்தில்தான் நடக்கும். மேசை மேல் பச்சை நொச்சி இலை, காய்ந்த இலை, இலைப் பொடி, சல்லடை, தராசு எல்லாம் வைப்பார். ஆங்கிலத்தில் ஒரு பத்தியைக் கொடுப்பார். படித்துவிட்டு, அதில் சொன்னதை வாய் திறக்காமல் கையால் செய்துகாட்ட வேண்டும். மொழிபெயர்ப்பு கூடாது. செய்தால் படித்தாய், செய்யத் தெரியவில்லை என்றால் படிக்கவில்லை. தேர்வு அவ்வளவுதான்.

முதல் நாள் ஒரு பையன் நேராகப் பச்சை இலையை அள்ளித் தராசில் போட்டான்.

"ஏம்பா எடை போட்ட?"

"எடைன்னு இருந்துது மேடம்."

"எப்போன்னு இருந்துது?"

பையன் தாளைப் பார்த்தான். கழுவி, நிழலில் காயவைத்து, பொடித்து, சலித்த பிறகுதான் எடை. எல்லாம் ஒரே நீள வாக்கியத்தில் இருந்தது. அவனுக்குத் தெரிந்த ஒரே வார்த்தை எடை. அதைப் பிடித்துக்கொண்டு தராசுக்கு ஓடிவிட்டான்.

"நீ வார்த்தைய பாத்த. வரிய படிக்கல. தெரியாததுக்கு ஊகிச்சிக்கின. ஊகிக்கறது தப்பில்ல. ஆனா படிச்சேன்னு சொல்லாத."

ஆய்வுக் கட்டுரையை மேலிருந்து கீழே படிக்க விடமாட்டார். முதலில் நடுவில் இருக்கும் செய்முறைப் பகுதி. எங்கே எடுத்தார்கள், எவ்வளவு எடுத்தார்கள், என்ன செய்தார்கள். அதைக் கரும்பலகையில் படமாக வரைய வேண்டும். படம் முடிந்த பிறகுதான் முடிவைப் படிக்க அனுமதி. "முடிவ கடைசியா படி. அதுக்கு நல்லா பேசத் தெரியும். செஞ்சத மொதல்ல படி. அதுக்குப் பேசத் தெரியாது, அதனால பொய் சொல்லவும் தெரியாது."

கல்லூரிக்கும் அவருக்கும் முதல் முட்டல் ஒரு பருவத் தேர்வில் வந்தது. எங்கள் பக்கத்தில் ஆங்கிலத் தாளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடையில் விற்கும் நோட்ஸில் இருக்கும் பத்திகளில் ஒன்றுதான் தேர்விலும் வரும். பிள்ளைகள் பத்தியைப் படிக்க மாட்டார்கள். விடைகளை வரிசையாக மனப்பாடம் செய்துவிட்டு வந்து எழுதுவார்கள். நோட்ஸில் இருந்தது கொசுவைப் பற்றிய பத்தி. மேடம் வைத்தது தேனீ எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்ற பத்தி. கேள்வி, ஆய்வாளர் எதைக் கவனித்தார் என்று. அனேகமாக வகுப்பே எழுதியது, தேங்கிய தண்ணீரில் கொசு முட்டையிடுகிறது என்று. ஒரு பையன் மட்டும், தேங்கிய தண்ணீரில் தேனீ முட்டையிடுகிறது என்று எழுதியிருந்தான்.

ஆசிரியர் அறையில் அந்த விடைத்தாள் கைமாறிக் கைமாறி எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மேடம் வந்து தாளைப் பிடுங்கினார்.

"சிரிக்காதீங்க. இவன் ஒருத்தன்தான் கேள்வித்தாள்ல தேனீன்னு இருக்கறதயாவது பாத்திருக்கான். மத்தவங்க கண்ணத் தொறக்கவே இல்ல."

அந்தப் பையனுக்கு மட்டும் ஒரு மதிப்பெண் போட்டார். மற்றவர்களுக்கு அந்தக் கேள்விக்குச் சுழியம். தேர்ச்சி விகிதம் விழுந்தது. நீங்கள் அவரை அறைக்குக் கூப்பிட்டு மதிப்பெண்ணைத் திருத்தச் சொன்னீர்கள். அவர் மறுதேர்வு வைத்தார். புதிதாக இன்னொரு பத்தி, இந்த முறை எறும்பு. பாதிப் பேர் தேறினார்கள். நீங்கள் இதை மறந்திருக்கலாம். தேறிய பிள்ளைகள் மறக்கவில்லை.

இனி பட்டுக்கடை. இதைச் சொல்லாமல் மற்றது புரியாது.

என் தங்கையின் கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை எடுக்கப் போனோம். அம்மா, தங்கை, நான். மேடத்தை நான்தான் கூட்டிப் போனேன். கடைக்காரர் எங்கள் ஊரில் எல்லாக் கடைக்காரர்களும் செய்வதைச் செய்தார். புடவையின் முந்தானை ஓரத்தில் தொங்குகிற நூலில் ஒன்றை உருவி, தீக்குச்சி கிழித்துக் கொளுத்தினார். முடி கருகுகிற வாசனை வந்தது. சாம்பலை விரலில் நசுக்கிக் காட்டினார்.

"பாத்துக்கோங்கக்கா. அசல் பட்டு. கலப்படம்னா பிளாஸ்டிக்காட்டம் உருண்டுக்கினு வரும்."

அம்மா திருப்தியாகத் தலையாட்டினாள். மேடம் கேட்டார்.

"இந்த நூல எங்க எடுத்தீங்க?"

"இன்னாமா இப்டி கேக்கறீங்க, உங்க கண்ணு முன்னாடிதானே உருவினேன். இதே புடவதான்."

"முந்தானையில தொங்கறது பாவு. நீள நூல். குறுக்க ஓடுதே ஊடை, அது பட்டான்னு இதுல எப்படித் தெரியும்?"

கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தங்கை என் கையைக் கிள்ளினாள்.

"ஊடைய உருவினா புடவ என்னாத்துக்கு ஆவும்மா?"

"அப்போ பாவு பட்டுன்னு சொல்லுங்க. புடவ பட்டுன்னு சொல்லாதீங்க."

கல்லாவில் இருந்த முதலாளி எழுந்து வந்தார். "வாத்தியாரம்மாவா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் வாதாடவில்லை. புடவையைப் பிரித்து, கரை ஓரத்தில் நூல் மாற்றும்போது விட்ட பிசிறைத் தேடினார். குறுக்கு நூலின் நுனி. அதைக் கத்தரித்து, எங்கள் முன்னால் கொளுத்தினார். அதே முடி கருகுகிற வாசனை. அதே சாம்பல்.

"சரி. வாங்குங்க" என்றார் மேடம். அவ்வளவுதான். முகத்தில் ஏமாற்றம் இல்லை. ஜெயித்த களையும் இல்லை. முதலாளிக்கும் வருத்தமில்லை, காபி வரவழைத்தார். அம்மாதான் வெளியே வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே அந்தம்மாவ எங்கயும் கூட்டிக்கினு வராதடி. மாப்பிள்ளை வூட்டாரு முன்னாடி வாயத் தொறந்தாங்கன்னா கல்யாணமே நின்னுடும்."

அடுத்த நாள் மேடம் இதை வகுப்பில் சொன்னார். மொத்தத்தையும் சோதிக்க முடியாதபோது, எந்தத் துண்டை எடுத்துச் சோதித்தார்கள் என்பதுதான் அறிவியலில் முதல் கேள்வி என்று விளக்க அவருக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. பாதிப் பிள்ளைகள் வீட்டில் தறி இருந்தது. பிள்ளையார்பாளையத்துப் பெண் ஒருத்தி சொன்னாள், "எங்கப்பாவே சொல்வாரு மேடம், கொளுத்தறதெல்லாம் சும்மா ஷோன்னு." அன்றிலிருந்து அந்த வகுப்பில் 'முந்தானை நூல்' என்பது ஒரு வசைச் சொல்லானது. அதிகாரிகள் ஆய்வுக்கு வந்த நாளில் மட்டும் சாப்பிட்டுவிட்டு விடுதிச் சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், பின்வரிசையிலிருந்து குரல் வரும், "முந்தானை நூலு!"

அந்த வருடம் மழைக்குப் பிறகு பெண்கள் விடுதியில் மஞ்சள் காமாலை வந்தது. ஒருத்திக்கு வந்தது, அப்புறம் அடுத்த அறையில் வந்தது. இரண்டாமாண்டு வேதியியலில் வந்தவாசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. என் மாணவி. ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாயைக் கழுவும்போது சுருண்டு விழுந்தாள். கண் மஞ்சளாக இருந்தது. அவளுடைய அப்பா வந்து பஸ்ஸில் கூட்டிப் போனார். கட்டிலும் பெட்டியும் இங்கேயே இருந்தன, வந்துவிடுவாள் என்று.

விடுதிப் பிள்ளைகள் தண்ணீர் சரியில்லை என்றார்கள். சில நாளில் விடுதி வாசலில் ஒரு தாள் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டப்பட்டது. தனியார் ஆய்வகம் ஒன்றின் தண்ணீர்ச் சோதனை அறிக்கை. ஆங்கிலத்தில், அட்டவணை போட்டு, முத்திரை வைத்து. காலை வழிபாட்டில் நீங்கள் சொன்னீர்கள்: "நம் விடுதித் தண்ணீர் பரிசோதிக்கப்பட்டு, குடிக்க உகந்தது என்று சான்று பெறப்பட்டுள்ளது."

பிள்ளைகள் அதைப் போனில் படம் எடுத்து மேடத்திடம் கொண்டுவந்தார்கள். என் ஆய்வகத்தில்தான் வகுப்பு. நான் மேசைகளுக்கு நடுவே நின்றிருந்தேன்.

"மேடம், இன்னிக்கு இதப் படிக்கலாமா?"

மேடம் போனை வாங்கி விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, "பட்டை ஒட்டுங்க" என்றார். படத்தை அச்செடுத்து, கல்லூரியின் பெயர் மேலும் ஆய்வகத்தின் பெயர் மேலும் பட்டை ஒட்டி நகல் எடுத்தார்கள்.

அட்டவணையில் இருந்த எண்கள் எல்லாம் நன்றாக இருந்தன. கிருமி இல்லை, உப்பு குறைவு. ஒரு பையன், "சூப்பர் தண்ணி மேடம். வாட்டர் பாட்டில் கம்பெனி தோத்துடும்" என்றான்.

"முடிவ ஏன் மொதல்ல படிச்ச? எங்க எடுத்தது?"

அதைத் தேடினார்கள். தாளின் அடியில், கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் இரண்டு வரிகள் இருந்தன. மாதிரி வாடிக்கையாளரால் கொண்டுவந்து தரப்பட்டது. முடிவுகள் தரப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும். ஆங்கிலத்தில் அவ்வளவுதான்.

"வரைங்க" என்றார் மேடம்.

பிள்ளையார்பாளையத்துப் பெண் கரும்பலகைக்குப் போனாள். ஆய்வகத்துக்கு ஒரு கட்டம் போட்டாள். அதற்கு முன்னால் ஒரு பாட்டில். பாட்டிலைப் பிடித்த கை ஒன்று. கைக்கு முன்னால் ஒரு குழாய் வரைந்தாள். சாக்பீஸ் அங்கே நின்றுவிட்டது.

"எந்தக் கொழா மேடம்?"

"தாள்ல இருக்குதா?"

"இல்ல."

"அப்போ நமக்குத் தெரியாது."

எங்கள் கல்லூரியில் எத்தனை விதத் தண்ணீர் என்று எல்லாருக்கும் தெரியும். உங்கள் அறைக்கு வெளியே சுத்திகரிப்பு இயந்திரத்தில் வருவது ஒன்று. விடுதி மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வருவது ஒன்று. அந்தப் பெண் பலகையைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள், "முந்தானை நூலு." இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

மேடம் உடனே தடுத்தார். "இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். கடையில என்னா ஆச்சு? ஊடையும் பட்டாத்தான் இருந்துது. நமக்குத் தெரியாதத தெரியும்னு சொன்னா, அந்தத் தாள மாட்டினவங்களுக்கும் நமக்கும் வித்தியாசம் இல்ல. கேக்கணும். அவ்ளோதான்."

பிள்ளைகளை அனுப்பவில்லை. தானே வந்தார். நானும் கூட வந்தேன். உங்கள் அறையில் நடந்ததை நான் கேட்டேன். அதனால் எழுதுகிறேன்.

"சார், அந்த ரிப்போர்ட்டுக்குத் தண்ணி எந்தக் கொழாயில புடிச்சது?"

"மேடம், நீங்க இங்கிலீஷ் டிபார்ட்மெண்ட். தண்ணி டிபார்ட்மெண்ட் இல்ல."

"அதான் சார். இங்கிலீஷ்லதான் எழுதியிருக்குது."

நான் சிரித்துவிட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"ஆபீஸ்ல யாராவது புடிச்சிருப்பாங்க. எனக்கு இதான் வேலையா?"

"ஆபீஸ்காரங்க போயி ஹாஸ்டல்ல புடிச்சாங்களா, ஆபீஸ்லயே புடிச்சாங்களா?"

நீங்கள் மேசையில் இருந்த கண்ணாடி உருண்டையைத் திருப்பிக்கொண்டிருந்தீர்கள்.

"நான் ஏமாத்தறேன்னு சொல்றீங்களா?"

"இல்ல சார். கேக்கறேன். இன்னொரு பாட்டில் புடிப்போம். ஹாஸ்டல் கொழாயில, பிள்ளைங்க முன்னாடி. நல்லா இருக்குதுன்னு வந்தா நானே வகுப்புல நின்னு சொல்றேன். எல்லாரும் நிம்மதியா குடிப்பாங்க."

"அதெல்லாம் வேணாம். நீங்க கிளாசுக்குப் போயி, ரிப்போர்ட்ட நான் தப்பா படிச்சிட்டேன்னு சொல்லுங்க. விஷயம் முடிஞ்சுது."

"எந்த வரியில தப்பா படிச்சேன்னு காட்டுங்க சார். இப்பவே போயி சொல்றேன்."

அப்போதுதான் நீங்கள் அதைச் சொன்னீர்கள். மறந்திருக்க மாட்டீர்கள். "நீங்கல்லாம் உங்க ஏரியாவுல என்ன தண்ணி குடிச்சி வளந்தீங்க மேடம்? இங்க வந்து தண்ணிய ஆராய்ச்சி பண்றீங்க."

மேடம் எழுந்தார். குரலை உயர்த்தவில்லை. "ரோட்டுக் கொழா சார். எந்தக் கொழான்னு எனக்குத் தெரியும்."

அடுத்த பருவத்தின் கால அட்டவணையில் அவர் பெயர் இல்லை. முதல் நாள் வந்து, அறிவிப்புப் பலகையின் முன் நின்று, கீழிருந்து மேல்வரை முழுக்கப் படித்தார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. "உங்க பேரு இல்ல மேடம், நான் பாத்துட்டேன்" என்றேன். "இரும்மா, படிச்சிக்கிறேன்" என்றார். படித்து முடித்துவிட்டு ஆசிரியர் அறையில் வந்து உட்கார்ந்தார். அலுவலகத்திலிருந்து ஆள் வந்து விலகல் கடிதம் எழுதித் தரச் சொன்னார். "நான் போகலியே, அனுப்பறீங்க. அனுப்பறவங்க எழுதணும்" என்றார். மதியம் வரை இருந்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து எங்களோடு சாப்பிட்டார். யாரும் வம்பு பேசவில்லை. கையைக் கழுவிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

ஆசிரியர் கூட்டத்தில் நான் காரணம் கேட்டேன். என்னை மேல் வகுப்புகளிலிருந்து எடுத்து முதலாமாண்டு செய்முறைக்கு மாற்றினீர்கள். அது எனக்குத் தண்டனையே இல்லை. நொச்சி இலையும் சல்லடையும் இப்போதும் என் மேசையில் இருக்கின்றன.

வந்தவாசிப் பெண் திரும்பி வரவில்லை. ஒரு வருடம் போனது, அப்புறம் படிப்பே போனது. இப்போது ஒரகடம் பக்கம் கம்பெனி வேனில் ஷிப்டுக்குப் போகிறாள். கட்டிலை வேறு பெண்ணுக்குக் கொடுத்தார்கள். கண்ணாடிச் சட்டம் சத்தமில்லாமல் கழற்றப்பட்டது. அதற்கடுத்த வருடம் விடுதியில் பெரிய சுத்திகரிப்பு இயந்திரம் ஒன்றை வைத்தீர்கள்.

அந்தச் செய்தியை மேடத்திடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "பாத்தீங்களா மேடம், தப்பு அவங்க மேலன்னு அவங்களே ஒத்துக்கினாங்க" என்றேன். மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. "மெஷின் வெச்சது நல்லது. அத வெச்சி பழைய தண்ணி கெட்டதுன்னு சொல்ல முடியாது. அந்தப் பொண்ணு வேற எங்கயாவது கூட குடிச்சிருக்கலாம். அன்னிக்கு ஒரு பாட்டில் புடிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். இனிமே தெரியாது." கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார், "படிக்கிதா அந்தப் பொண்ணு?" இல்லை என்றேன். அன்று முழுக்க அவர் வேறு எதுவும் கேட்கவில்லை.

இந்த வருடம் அவருக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்த அறிக்கை வந்திருந்தது. கண்ணாடி வீட்டில் இருந்தது, அதனால் என்னைப் படிக்கச் சொன்னார். நான் தாளைக் கையில் வாங்கியதும் என் கண் நேராக முடிவுக்குத்தான் போனது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"முடிவ அப்புறம் படிமா. எங்க எடுத்தாங்கன்னு போட்டிருக்குதா?"

போட்டிருந்தது. எந்த உறுப்பில், எந்தப் பக்கத்தில், எத்தனை இடத்தில் என்று தெளிவாக இருந்தது. ஒவ்வொன்றாகப் படித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கையால் தன் வயிற்றின் மேல் அந்த இடங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், கரும்பலகையில் படம் வரைகிற மாதிரி.

"சரியாத்தான் எடுத்திருக்காங்க" என்றார். "அப்போ உண்மதான். இப்போ படி."

படித்தேன்.

முதல்வர் அவர்களே, தன் சாவுக்கே அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் சரியாக இருந்ததும் ஏற்றுக்கொண்டவர் அவர். அவர் படத்துக்குப் பக்கத்தில் நின்று நீங்கள் பொய் சொன்னீர்கள்.

அவர் கற்றுக்கொடுத்தபடியே எழுதுகிறேன். உங்கள் விடுதித் தண்ணீர்தான் அந்தப் பெண்ணின் படிப்பைக் கெடுத்தது என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. ஆனால் அவர் தாமாக விலகவில்லை என்று எனக்குத் தெரியும். நான் பக்கத்தில் இருந்தேன். விலகினார் என்றால் அவர் கையெழுத்துப் போட்ட கடிதத்தைக் காட்டுங்கள்.

பட்டுக்கடை முதலாளியிடமும் அவர் இதே கேள்வியைத்தான் கேட்டார். அந்த மனிதர் ஒரு பிசிறைக் கத்தரித்துக் கொளுத்திக் காட்டினார். காபியும் கொடுத்தார். உங்களிடம் கேட்டபோது வேலையைப் பறித்தீர்கள்.

கல்லூரி விழா வரப்போகிறது. அதே கலையரங்கம், அதே மைக். பெற்றோர்கள் வருவார்கள், விடுதிப் பிள்ளைகள் எல்லாரும் இருப்பார்கள். ஆங்கிலம் வேண்டாம், தமிழில் சொல்லுங்கள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள். அந்தப் பாட்டிலைப் பிடித்தது யார்? எந்தக் குழாயில் பிடித்தார்?